சுறா வாடை

கடலே இல்லாத ஊரில் கடல்மீனைப் பற்றிப் பாடம் நடத்துவதில் ஒரு சௌகரியம் உண்டு. யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். தொண்ணூற்றைந்தில் அரியலூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். என் பிள்ளைகளில் பாதிப்பேர் கடலைப் பார்த்ததில்லை. பார்த்தவர்களும் வேளாங்கண்ணிக்குப் போய்க் கால் நனைத்துவிட்டு வந்தவர்கள்தான். நான் சொல்வதுதான் அவர்களுக்குக் கடல். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

கழிவு நீக்கம் என்ற பாடத்தை வருஷா வருஷம் ஒரே மாதிரிதான் நடத்துவேன். சாப்பிட்ட புரதத்திலிருந்து நைட்ரஜன் கழிவு மிஞ்சும். முதலில் அது அம்மோனியாவாக இருக்கும். அம்மோனியா நஞ்சு, உடம்பில் தங்கவிடக் கூடாது. வஞ்சிரம், சங்கரா மாதிரி முள்மீன்களுக்கு அதில் பெரிய கவலை இல்லை. சுற்றிலும் தண்ணீர், செவுள் வழியாக அப்படியே வெளியே விட்டுவிடும். அவற்றின் கவலை வேறு. கடல்நீர் மீனின் ரத்தத்தைவிட உப்பு என்பதால், உடம்பிலிருக்கும் தண்ணீரைக் கடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல்நீரையே குடிக்கும், உப்பைச் செவுள் வழியே வெளியேற்றும், சிறுநீரைக் கொஞ்சமாகத்தான் போகவிடும்.

"சுறா மட்டும் வேற மாதிரி" என்று சொல்லிச் சாக்பீஸைக் கீழே வைப்பேன். வகுப்பு நிமிர்ந்து உட்காரும். சுறா தன் அம்மோனியாவை யூரியாவாக மாற்றி ரத்தத்திலேயே வைத்துக்கொள்கிறது. அதனால் ரத்தம் கடலுக்கு ஈடாகிவிடுகிறது, கடலால் அதனிடமிருந்து தண்ணீரை உறிஞ்ச முடியாது. அவ்வளவு யூரியா வேறு எந்த உடம்பிலாவது சேர்ந்தால் உயிர் தங்காது. சுறாவின் சதையில் அந்தக் கெடுதலை அடக்க இன்னொரு பொருள் இருக்கிறது, அதனால் அது பிழைக்கிறது. யூரியா என்றதும் பின்பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். எல்லார் வீட்டிலும் யூரியா மூட்டை அடுக்கியிருக்கும். "அப்ப நடவு வயலுக்குச் சுறாவ வெட்டிப் போட்டா போதுமா டீச்சர்?" என்று ஒருத்தன் கேட்பான். ஆள் மாறுவான், கேள்வி மாறாது.

கடைசியாக ஒன்று சொல்வேன். சுறா செத்துக் கொஞ்ச நேரம் கிடந்தால் அந்த யூரியா மறுபடி அம்மோனியாவாகும். "வூட்டுல யாராச்சும் புள்ள பெத்தவங்களுக்குச் சுறாப்புட்டு செஞ்சா மோந்து பாருங்க. மூத்திர வாடை அடிக்கும். ஏன்னு இப்பத் தெரியுதா?" என்று கேட்டுப் பாடத்தை முடிப்பேன். தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு அந்தக் கடைசி வரியை நான் சொல்வதில்லை.

அந்த வருஷம் தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம், அதனால் திருமானூருக்கும் ஏலாக்குறிச்சிக்கும் நடுவிலிருந்த எங்கள் வீட்டில் இருந்தாள். வீட்டில் அம்மாவும் நானும்தான். அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு வரன் பார்த்து அலுத்துப்போய், எனக்காகக் காத்திருந்தால் இளையவளும் நரைத்துவிடுவாள் என்று அவளுக்கு முடித்திருந்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. இருந்திருந்தாலும் அவளிடம் காட்டியிருக்க முடியாது. காட்டினால் சிரித்தே அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவாள். "எங்க அக்கா தும்முனாக்கூட மூணு பாயிண்ட் சொல்லுவா" என்று கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னவள் அவள். அவள் கணவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். குழந்தையைப் பார்க்க வந்த அன்று, சுரங்கத்தில் கிடைத்த கல்லாய்ப்போன சுறாப்பல் ஒன்றைத் தாளில் மடித்து எனக்கென்று கொண்டு வந்தார். எந்தக் காலத்திலோ எங்கள் பக்கமெல்லாம் கடலாக இருந்ததற்கு அது சாட்சி. பிறந்த குழந்தையை விட்டுவிட்டு நான் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தங்கை ஒரு வாரம் சொல்லிக் காட்டினாள்.

பால் போதவில்லை. அம்மா உடனே மீன்காரம்மாவிடம் பால்சுறா சொல்லிவைத்தார். மீன்காரம்மாவுக்குக் கொள்ளிடத்துக்கு அந்தக் கரையில் ஊர். தஞ்சாவூர் மார்க்கெட்டில் மீன் எடுத்து, பஸ்ஸில் திருமானூர் வந்து இறங்கி, அன்னக்கூடையைத் தலையில் வைத்து எங்கள் தெருவுக்கு நடந்து வருவார். ஐம்பது வயதிருக்கும். முதல் நாள் சுறாவைக் கொடுத்துவிட்டுக் கையை அலம்பிக்கொண்டு உள்ளே வந்து குழந்தையைப் பார்த்தார். "தாய் மாரியே நெத்தி" என்று சொல்லிவிட்டு, காசு வாங்காமல் இரண்டு துண்டு கூடவே வைத்துவிட்டுப் போனார். அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படி ஒரு நடை உள்ளே வந்து பார்த்துவிட்டுத்தான் போவார்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. எங்கள் வீட்டில் தவசு நாற்பது நாளும் கறியோ மீனோ கிடையாது. சில வீடுகளில் மீன் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள், அம்மா அதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டார். பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் விலக்கு. ஆகவே வீட்டில் சுறாப்புட்டு தனிச் சட்டியில் வெந்தது, அவள் ஒருத்திதான் சாப்பிட்டாள். இந்தச் சின்ன விஷயத்தை நான் எத்தனையோ முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அம்மாவும் நானும் அதே மீனைத் தின்றிருந்தால், எங்கள் வாயில் இல்லாத வாடை அவள் வாயில் மட்டும் ஏன் என்று கேட்டிருப்பேன். ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தினமும் சொல்கிறவள் நான்.

ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு உள்ளே போனேன். "புள்ளய வாங்குக்கா, கை ஓஞ்சு போச்சு" என்று குழந்தையை நீட்டினாள். குனிந்தபோது அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. அதே வாடை. வகுப்பில் நான் வர்ணிக்கிற அதே வாடை.

"சுறா சாப்ட்டியா?"

"அம்மா குடுத்தாங்க. ரெண்டு வாயிக்கு மேல எறங்கல. வாயெல்லாம் ஒரு மாரி இரும்பக் கடிச்ச மாரி இருக்கு."

"மீன் பழசு. அதான்."

"ஆரம்பிச்சிடாத" என்றாள். நான் ஆரம்பித்தேன். அவள் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். யூரியா எப்படி அம்மோனியாவாகிறது என்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே முழுவதும் சொன்னேன். முடித்ததும் கண்ணைத் திறக்காமல், "மணி அடிச்சாச்சா டீச்சர்?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் அன்றைக்குச் சோர்ந்திருந்தாள் என்பது என் கண்ணில் பட்டது. பாடம் கேட்டால் யாரும் சோர்வார்கள்.

அவள் கால் வீங்கியிருந்தது. "புள்ள பெத்தவளுக்கு ஒடம்பு ஊதத்தான் செய்யும்" என்றார் அம்மா. ஒண்ணுக்குப் போவதே குறைந்துவிட்டது என்று என்னிடம் சொன்னாள். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஆகாது என்று அம்மா ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் சுக்குத் தண்ணீருக்கு மேல் கொடுப்பதில்லை. "தண்ணி குடிச்சாத்தானே போவ" என்று அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு, அம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன். நல்ல சண்டை. நான்தான் ஜெயித்தேன், தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தார். வீக்கம் இன்னும் ஏறியது. எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. பிரசவத்தின்போது அவளுக்கு பிரஷர் இருந்ததும், அதற்குக் கொடுத்த மாத்திரை தீர்ந்த பிறகு நாங்கள் மறுபடி வாங்காமல் விட்டதும் மட்டும் அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை மீன்காரம்மா வந்தார். நான் வாசலிலேயே மறித்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் பாத்திரத்தோடு நின்றார்கள். எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மொழி சுத்தமாகிவிடும். அது அதைவிட மோசம். பச்சை உடம்புக்காரிக்குக் கெட்டுப்போன மீனைக் கொடுக்கலாமா, ஐஸில் எத்தனை நாள் கிடந்தது, வீட்டுக்குள் போனாலே நாறுகிறதே என்று அடுக்கினேன்.

அவர் கூடையிலிருந்து ஒரு சுறாவை எடுத்து, விரலால் சதையைக் கிள்ளி என் மூக்குக்கு நேரே பிடித்தார். "மோந்து பாருங்க டீச்சரம்மா. காலைல பஸ்ஸேறுன மீனு."

முகர்ந்தேன். மீன் வாடைதான் இருந்தது. ஒப்புக்கொள்வதற்குப் பதில், "பச்சையா இருக்கறப்ப தெரியாது. உள்ள யூரியா இருக்கு" என்று தொடங்கி அந்த நாலைந்து பேருக்கும் பாடத்தை நடத்தினேன். அம்மோனியா நஞ்சு என்ற சொல்லையும் சொன்னேன். பெண்கள் பாத்திரத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

மீன்காரம்மா மீனைக் கூடையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை. "முப்பது வருசமா இதுலதான் கெடக்கேன். மீன் வாடை எனக்குத் தெரியாதுங்களா? வியாழக்கிழமை உள்ள வந்தப்ப எனக்கும் அடிச்சிச்சு. அது மீனுல இல்லீங்க. தங்கச்சி மேலேந்து வருது. யாருகிட்டயாச்சும் காட்டுங்க."

"அத நீங்க எனக்குச் சொல்லித் தர வேணாம்" என்றேன்.

அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் மீன் வாங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் ஊருக்கு வரவும் இல்லை.

சுறாவை நிறுத்தினோம், வாடை நிற்கவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய் போனது. மீனே இல்லாத வீட்டில் மீன் வாடை எங்கிருந்து வருகிறது என்று அம்மா கேட்டார். சாப்பிட்டது ரத்தத்தில் கலந்திருக்கும், போக நாளாகும் என்றேன். எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை. நானாகச் சொன்னேன். சொன்னதும் எனக்கே அது உண்மையாகத் தெரிந்தது. அம்மா நம்பினார், ஏனென்றால் நான் டீச்சர். தங்கையும் நம்பினாள். "ஒன் மீனு இன்னும் எறங்கலக்கா" என்று விக்கலுக்கு நடுவே கேலி செய்தாள். விக்கல் இரண்டு நாளாக நிற்கவில்லை. கையெல்லாம் அரிக்கிறது என்று சொறிந்துகொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார். குழந்தை அழுதது. தூக்கிப்போய் அவள் பக்கத்தில் விட்டேன். அவள் குழந்தையைப் பார்த்துவிட்டு, "இது யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்டாள். கேலி செய்கிறாள் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

அம்மாவைக் கோயிலிலிருந்து கூட்டிவரச் செய்து, கார் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டும்போது அவள் தலை என் தோளில் இருந்தது. கார் கண்ணாடி ஏற்றியிருந்தது. மூச்சுக்கு மூச்சு அந்த வாடை வந்தது, சுறா தின்று ஒரு வாரமான வாயிலிருந்து. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பாடத்தின் அடுத்த பக்கத்தில் மனிதச் சிறுநீரகம் இருக்கிறது. அதையும் நான்தான் நடத்துகிறேன்.

டாக்டர் அவள் இமையை விலக்கிப் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார், முகத்தருகே குனிந்தார். நிமிர்ந்து, "வாயில இந்த வாடை எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். அது பதினோராவது நாள். எனக்குக் கிழமை தெரியும், எந்தப் புடவை கட்டியிருந்தேன் என்று தெரியும். "ரெண்டு நாளா சார்" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை, சாகும்வரை சொல்லவில்லை.

கர்ப்பத்திலேயே பிரஷர் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது, இப்போது இரண்டுமே வேலை செய்யவில்லை என்றார் டாக்டர். "ரத்தத்துல யூரியா ரொம்ப ஏறிக் கெடக்கும்மா." என் சொல்லை இன்னொருவர் வாயில் கேட்டேன். இரண்டு முறை டயாலிசிஸ் செய்தார்கள். ஆறாம் நாள், புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு அவள் இறந்தாள். முன்னாலேயே கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. ஆமாம் என்றால் எனக்குத் தாங்காது. இல்லை என்றால் நம்பியிருக்க மாட்டேன்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். டாக்டரிடம் பொய் சொன்னேன் என்றேன். கர்வம் என்றேன். சாமியார் ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். மீன்காரம்மாவைப் பற்றி நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, அது ஒரு பாவமாகவே என் ஞாபகத்தில் இல்லை.

குழந்தை எங்களிடம் வளர்ந்தது. மாப்பிள்ளை மாதம் ஒருமுறை வருவார், பிறகு வேறு கல்யாணம் ஆனதும் பண்டிகைக்கு வந்தார். நல்ல மனிதர், ஒரு நாளும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. அரியலூர் தனி மாவட்டமானது, அடுத்த வருஷமே மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. பள்ளி ரப்பர் ஸ்டாம்பை இரண்டு தடவை மாற்றினார்கள். நான் வருஷா வருஷம் சுறாவை நடத்தினேன். செத்த பிறகு அதன் யூரியாவுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் விட்டுவிட்டு அடுத்த தலைப்புக்குப் போவேன். பரீட்சையில் அது வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாயிரத்து ஏழில், அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமான வருஷக் கடைசியில், தங்கை மகளுக்குப் பல் காட்டத் தஞ்சாவூர் போக வேண்டியிருந்தது. திருமானூரில் பஸ்ஸுக்கு நின்றோம். கீரைக்கட்டுகள் அடுக்கிய கூடையோடு ஒரு அம்மா நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னை முதலில் அடையாளம் கண்டது அவர்தான். எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தார்.

"தாய் மாரியே நெத்தி" என்றார்.

மீன் விற்பதில்லையா என்று கேட்டேன்.

"அந்தத் தங்கச்சி போனதுக்கப்புறம் சுறாவத் தொடல டீச்சரம்மா. அப்பறம் எந்த மீன எடுத்தாலும் யாருக்கு என்ன ஆவுமோன்னு இருந்துச்சு. வுட்டுட்டேன்." கூடைத் துணியைச் சரிசெய்தார். "வருசத்துக்கு ஒருக்கா ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு வந்து மெழுவத்தி ஏத்திட்டுப் போவேன். தெரிஞ்சு குடுக்கல தாயே, நல்ல மீனுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன்னு சொல்லிட்டு வருவேன்."

எங்கள் வாசலில் நின்று என்னை மறுத்துப் பேசிய ஒரே ஆள் அவர். அவள் செத்த செய்தி ஆற்றைத் தாண்டிப் போனபோது, தன் மூக்கையும் முப்பது வருஷத்தையும் நம்பாமல் என் பாடத்தை நம்பியிருக்கிறார்.

"உங்க மீனால இல்லீங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "நீங்க சொன்னதுதான் சரி. வாடை அவகிட்டேருந்துதான் வந்துச்சு. கிட்னி ரெண்டும் போயிருந்துச்சு. ஆஸ்பத்திரில டாக்டர் சொன்னாரு."

பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்து, யார் என்று கேட்டது.

"எப்ப சொன்னாரு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அன்னைக்கே."

பாலத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தஞ்சாவூர் பஸ் ஒன்று வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள்.

"எங்க வூடு பாலத்துக்கு அந்தாண்டதான் டீச்சரம்மா" என்றார். "ஒரு பஸ்ஸு தூரம்."

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். நாங்கள் போக வேண்டியதும் அதே பஸ்தான். நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம்.